முதல் வேலைக்கு எங்கே போவது? திருகோணமலையின் புதுத் தாதியருக்கு ஓர் ஒப்பீடு

படித்து முடித்தாயிற்று, தாதியர் கவுன்சிலில் பதிவும் கிடைத்தாயிற்று, வேலை மட்டும் இல்லை. திருகோணமலையில் இப்படி வீட்டில் இருக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வகை. நான்கு வருடத் தாதியர் பட்டப்படிப்பை மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ முடித்துவிட்டு, அரச நியமனம் இன்று வரும், நாளை வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு வகை. தனியாரிடம் காசு கட்டிப் படித்துவிட்டு, எங்கே விண்ணப்பம் போட்டாலும் “அனுபவம் எத்தனை வருடம்?” என்ற கேள்வியோடு திரும்பி வருபவர்கள் மற்ற வகை. அரச தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவர்களுக்கு நியமனம் அனேகமாகப் பின்னாலேயே வந்துவிடும். அதனால் அவர்களை இதில் சேர்க்கவில்லை.

இருக்கிற வழிகள் ஐந்துதான். வீட்டிலிருந்து நியமனத்துக்குக் காத்திருப்பது, ஊரிலேயே ஒரு தனியார் இடத்தில் சேர்வது, கொழும்புப் பக்கம் போவது, நேரே வளைகுடாவுக்குப் பறப்பது, பராமரிப்பாளர் வேலைக்கு ஜப்பான், இஸ்ரேல் என்று போவது. எல்லாரும் முதலில் சம்பளத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். வீட்டில் கடன் இருக்கிறபோது அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வாட்டிலேயே காலம் கழித்தவள் என்ற முறையில் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு இரண்டு கேள்விகள். இந்த இடத்தில் இரண்டு வருடம் இருந்தால் என் கை பழகுமா? பழகியதற்கு எழுத்தில் சாட்சி கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று வந்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அந்த இடத்துக்குப் போகலாம்.

கை பழகுவது என்று எதைச் சொல்கிறேன்? மார்கழி, தை மாதங்களில் கிழக்கில் டெங்கு ஏறும். 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கு நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்கிறார், வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். பழகிய தாதி அப்போதுதான் கூடுதலாக விழித்திருப்பாள். காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். பிசிவி, அதாவது இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டுகிற அளவு, ஏறுகிறதா, நாடித்துடிப்பு கூடுகிறதா, மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 20 வரை சுருங்குகிறதா, மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று சார்ட்டில் எழுதிக்கொண்டே, டொக்டரை இப்போதே கூப்பிடுவதா, இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கூப்பிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். இதைப் பரீட்சையில் எல்லாரும் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு மூத்த மிஸ்ஸி நின்று “இப்ப சொல்லு பிள்ளை, என்ன செய்யப்போற?” என்று கேட்டு நாலைந்து இரவுகள் போன பிறகுதான் அது கைக்கு வரும்.

வீட்டிலிருந்து காத்திருப்பது

அரச வேலையை இலக்காக வைப்பதில் பிழையே இல்லை. ஓய்வூதியம் இருக்கிறது, நிரந்தரம் இருக்கிறது, இடமாற்றம் கேட்க உரிமை இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது, தாதியரின் அடிப்படை அதற்கும் மேலே. மேலதிக நேரக் கொடுப்பனவும் சேர்ந்துதான் கையில் கணிசமான தொகை வரும். அந்தக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறை மாறுகிறது என்றதும் அதே வருடம் மார்ச்சில் தாதியர்கள் வீதிக்கு இறங்கியது அதனால்தான்.

ஆக இலக்கு சரி. காத்திருக்கிற விதத்தில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது. வீட்டிலிருந்தால் நியமனம் ஒரு நாள் கூட முந்தி வராது, தனியாரில் வேலை செய்தால் அரச நியமனத்துக்கான தகுதி போய்விடாது. அப்படியிருக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஊசியைத் தொடாமல் இருந்துவிட்டு முதல் நாள் வாட்டுக்குள் போகிற பிள்ளையின் கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் போக மாதக்கணக்கு எடுக்கும். அதுவரை கஷ்டப்படுவது நோயாளியும்தான்.

இன்னொன்றையும் பெற்றோர் யோசிக்க வேண்டும். “தூர இடத்துக்கு அனுப்ப மாட்டோம், திருகோணமலை ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கட்டும்” என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறார்கள். அரச நியமனம் மொனராகலைக்கும் வரலாம், நுவரெலியாவுக்கும் வரலாம். ஊருக்கு இடமாற்றம் எடுப்பது பிறகு நடக்கிற கதை.

சம்பளமில்லாமல் தொண்டராக நில், நியமனம் வரும்போது முதலிடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம். தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு எத்தனை காலம் தெருவில் நின்றார்கள் என்பதைக் கிழக்கில் இருக்கிற நாம் கண்ணால் பார்த்தோம்.

ஊரிலேயே தனியாரில் சேர்வது

பெரும்பாலான வீடுகளில் முதலில் எடுக்கிற முடிவு இதுதான். அம்மா சமைத்த சாப்பாடு, போர்டிங் செலவில்லை, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் கூட இப்போது பாலங்களால் பஸ்ஸில் வந்து போகலாம். இந்த வசதியைச் சின்னதாக நினைக்கக் கூடாது. முதல் மாதங்களில் உடம்பும் மனமும் களைத்து வருகிறபோது வீடு பக்கத்தில் இருப்பது பெரிய தாங்கல்.

ஆனால் ‘தனியாரில் வேலை’ என்று ஒரே பெயரில் மூன்று விதமான வேலைகள் நடக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது சனலிங் சென்டர். பின்னேரம் விசேட வைத்திய நிபுணர்கள் வருவார்கள். தாதியின் வேலை நம்பர் கூப்பிடுவது, பிரஷர் பார்ப்பது, நிறை பார்ப்பது, ரிப்போர்ட்டை ஒழுங்காக அடுக்கி உள்ளே கொடுப்பது. வேலை மரியாதையானதுதான், நேரமும் வசதி. இரண்டு வருடம் கழித்தும் அதே நம்பரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது, பெரிய ஆய்வுகூடங்களின் இரத்தம் எடுக்கிற நிலையங்கள். நரம்பு பிடிக்கிற கை நன்றாகப் பழகும், அந்த ஒரு வேலை மட்டும் பழகும். இந்த இரண்டையும் ஆறு மாதத்துக்குக் கைச்செலவுக்காகச் செய்யலாம், அதற்கு மேல் இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாவது, நோயாளியைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிற தனியார் மருத்துவமனை. ஊரில் இருந்தே தொடங்க வேண்டியவர்கள் இதைத்தான் தேட வேண்டும். நேர்முகத்துக்குப் போகும்போது தயங்காமல் கேளுங்கள். எத்தனை கட்டில், இரவில் எத்தனை தாதியர், இரவு முழுக்க டொக்டர் உள்ளே இருப்பாரா, போன் பண்ணித்தான் வருவாரா, சத்திரசிகிச்சை நடக்கிறதா, என்னோடு முதல் ஒரு மாதம் மூத்தவர் யாராவது நிற்பாரா? கடைசிக் கேள்விக்கு “அதெல்லாம் போகப் போகப் பழகிடும்” என்று பதில் வந்தால் எனக்குப் பயம். புதுப் பிள்ளையைத் தனியாக இரவு டியூட்டியில் விடுகிற இடத்தில் ஏதாவது பிழை நடந்தால் பழி அந்தப் பிள்ளையின் பதிவு இலக்கத்தின் மேல்தான் விழும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று. 2026 ஜனவரி முதல் தனியார் துறையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. பதிவு பெற்ற தாதிக்கு அதற்குக் கீழே பேசுகிற இடத்தில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியதில்லை, எழுந்து வரலாம். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவார்களா என்றும் கேளுங்கள். உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், அதற்கு மேல் அவர்களே கட்டுகிற ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். “கையில் கூடத் தருகிறோம், ஈபிஎஃப் வேண்டாமே” என்று சொல்வது சட்டப்படியும் பிழை, உங்களுக்கு இன்னொரு வகையிலும் நட்டம். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு சாட்சி.

கொழும்புக்குப் போவது

கட்டுப்பாடு ஒன்றும் இல்லாத பிள்ளை என்றால் என் முதல் தெரிவு இதுதான். கொழும்பின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவு, சத்திரசிகிச்சைக் கூடம், இதய நோய்ப் பிரிவு, டயாலிசிஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். வருகிறவர்களும் போகிறவர்களுமாகத் தாதியர் மாறிக்கொண்டே இருப்பதால் புதியவர்களை எடுப்பதும் பயிற்றுவதும் அங்கே வழக்கமாக நடக்கிற வேலை. மருந்து கொடுக்கும்போது இருவர் சேர்ந்து சரிபார்ப்பது, டியூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று ஒப்படைப்பது, எழுதாதது செய்யாததற்குச் சமம் என்கிற ஒழுங்கு எல்லாம் ஊறிவிடும். வெளிநாட்டு நேர்முகத்தில் இதைத்தான் கேட்பார்கள்.

கஷ்டங்களும் இருக்கின்றன. திருகோணமலையிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர். இரவுத் தபால் ரயிலில் ஏறினால் விடியக் கொழும்பு, ஆனால் லீவு ஒரு நாள் என்றால் வந்து போக முடியாது. அரச ஆஸ்பத்திரியில் காலை 7 முதல் 1, பின்னேரம் 1 முதல் 7, இரவு 7 முதல் விடிய 7 என்று டியூட்டி ஓடும். தனியாரில் பன்னிரண்டு மணி நேர டியூட்டியே பல இடங்களில் வழமை. போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் அதிகம் இருக்காது. அதனால் சம்பளத் தொகையை மட்டும் கேட்காமல், விடுதி தருவார்களா, டியூட்டி நாளில் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். பாதுகாப்பான விடுதி தருகிற இடம், ஐயாயிரம் ரூபா கூடத் தருகிற இடத்தை விட நல்லது. இரவு டியூட்டி முடிந்து எங்கே வந்து படுப்பாள் என்பதுதானே அம்மாமாரின் முதல் கவலை.

நம் பிள்ளைகள் வெளியில் சொல்லாமல் பயப்படுகிற விஷயம் சிங்களம். நோயாளி வலியைச் சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாவிட்டால் வேலை செய்ய முடியாது, உண்மைதான். ஆனால் ஆறு மாதத்தில் வாட்டுச் சிங்களம் வந்துவிடும். எங்கே நோகுது, எப்ப சாப்பிட்டீங்க, மூச்சு விடக் கஷ்டமா என்று தொடங்கி அப்படியே போகும். அது பிறகு ஊரிலும் வேண்டும். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கந்தளாயிலிருந்தும் சேருவிலவிலிருந்தும் வருகிற அம்மாவும் நம் நோயாளிதான். அரச சேவையில் சேர்ந்தாலும் இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சி காட்ட வேண்டும். கொழும்பில் கற்றுக்கொண்ட சிங்களம் அங்கே அப்படியே கைகொடுக்கும்.

கொழும்பு ஒத்துவராதவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படுக்கை வசதியுள்ள தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. மொழிப் பயம் இல்லை, உறவினர் வீடும் இருக்கக்கூடும். பிரிவுகளின் எண்ணிக்கை குறைவு என்பது ஒன்றுதான் குறை.

நேரே வளைகுடா

சவூதி, கட்டார், டுபாய் என்று போனவர்களின் வீடு மாடியாவதைப் பார்க்கிற எவருக்கும் இந்த ஆசை வரும். போகலாம், தாதியாகவே போகலாம், நல்ல வேலைதான். புதுப் பிள்ளைக்கு இடையில் நிற்கிற தடை அனுபவம். பெரும்பாலான மருத்துவமனைகள் இரண்டு வருட வாட்டு அனுபவம் கேட்கின்றன. அதற்கு மேல் உங்கள் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்கிற நிறுவனம், கொடுத்த இடத்திடமே நேராகக் கேட்டுச் சரிபார்க்கும். பிறகு கணினியில் பரீட்சை, பிரோமெட்ரிக் என்று நாம் சொல்வது. படிப்புக்குத் தக்க தரமும் மாறும். சவூதியில் பட்டதாரி ஒரு தரத்திலும் மூன்று வருட டிப்ளோமாக்காரர் அதற்குக் கீழான தரத்திலும் வகைப்படுத்தப்படுவார்கள், சம்பளமும் அதன்படிதான்.

அனுபவம் இல்லாமலே அனுப்புகிறோம் என்று ஒரு ஏஜென்சி சொன்னால் ஒப்பந்தத்தில் பதவிப் பெயர் என்ன என்று பாருங்கள். தாதி என்று இருக்கிறதா, பராமரிப்பாளர் என்று இருக்கிறதா, வீட்டுப் பணியாளர் என்று இருக்கிறதா? ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். பொய்யான அனுபவக் கடிதம் செய்து தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் போகவே வேண்டாம். சரிபார்ப்பில் பிடிபட்டால் அந்த அறிக்கை உங்கள் பெயரோடு நின்றுவிடும், பிறகு உண்மையான அனுபவத்தோடு போனாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இங்கிலாந்து, ஜெர்மனி இரண்டும் இன்னும் நீண்ட வழி. இங்கிலாந்துக்கு ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சை என்றால் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். பிறகு கணினிப் பரீட்சை, அங்கே போய்ச் செய்முறைப் பரீட்சை. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 வரை, அதாவது சரளமாகப் பேசி எழுதுகிற அளவுக்கு, படிக்க வேண்டும். இரண்டுமே வாட்டில் வேலை செய்துகொண்டே பின்னேர வகுப்பில் தயாராக வேண்டியவை. வேலையை விட்டுவிட்டு மொழி மட்டும் படித்தால் மொழி வருகிற நேரத்தில் கை போய்விடும்.

பராமரிப்பாளர் வேலை

ஜப்பானுக்கு என்4 என்கிற அடிப்படை அளவு ஜப்பான் மொழியும், பராமரிப்புத் திறன் பரீட்சையும், பராமரிப்பு வேலைக்கான ஜப்பான் மொழிப் பரீட்சையும் போதும், ஐந்து வருடம் வரை வேலை. இஸ்ரேலுக்கு வீட்டோடு தங்கி முதியவரைப் பார்க்கிற வேலை. இரண்டிலும் தாதிப் பதிவு தேவையில்லை, அதுதான் என் கவலை. முதியவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்கார வைப்பது புண்ணியமான வேலை, அதைத் தாழ்வாகச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த வருடங்களைத் தாதி அனுபவமாகப் பொதுவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். திரும்பி வரும்போது ஊசி தொட்டு ஐந்து வருடம் ஆகியிருக்கும். வீட்டைக் காப்பாற்ற உடனடியாகப் பெரிய தொகை வேண்டும், தாதித் தொழிலுக்குத் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்று தெரிந்தே முடிவெடுத்தால் சரி. “முதலில் இப்படிப் போய்விட்டு அங்கே தாதியாக மாறலாம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போக வேண்டாம். இங்கிலாந்துக்குப் பராமரிப்பாளர் விசா எடுத்துத் தருகிறோம் என்று இன்னும் காசு கேட்பவர்களும் உண்டு. அந்த விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்களை எடுப்பதை 2025 ஜூலை 22 இலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

யாருக்கு எது

பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கிற, திருமணமாகாத பிள்ளை கொழும்புக்குப் போகட்டும். நியமனம் வந்த அன்று விட்டுவிட்டு வரலாம். தனியார் டிப்ளோமாவோடு பதிவு பெற்றவர்களுக்கு அரச வாசல் சுலபமில்லை. அவர்களுக்கு அனுபவம்தான் அடுத்த படிக்கட்டு. இரண்டு வருடம் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ, அதற்குள் ஆங்கிலமும் பிரோமெட்ரிக்கும், பிறகு வளைகுடா. கைக்குழந்தையோடு இருப்பவர்கள், வயதான பெற்றோரை விட்டு வர முடியாதவர்கள் ஊரில் படுக்கை உள்ள மருத்துவமனையையே பிடிக்கட்டும், சனலிங் சென்டரில் தங்கிவிட வேண்டாம். கடன் கழுத்தை நெரிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நான் வளைகுடாவைத் தடுக்க மாட்டேன். ஆனால் கடனுக்குத் தவணை பேச முடிந்தால் இரண்டு வருடம் பேசிப் பாருங்கள். அனுபவத்தோடு போகிறவருக்கும் இல்லாமல் போகிறவருக்கும் தரும் பதவியும் சம்பளமும் வேறு.

அரச வேலை கிடைத்த பிறகு வெளிநாடு போகவும் வழி உண்டு. 2022 நெருக்கடியில் அரச ஊழியர்கள் சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாட்டில் வேலை செய்யச் சுற்றறிக்கை வந்தது, நிறுவனத்தின் அனுமதியோடுதான். ஆகவே அரச நியமனமா வெளிநாடா என்று இப்போதே ஒன்றை வெட்டிவிட வேண்டியதில்லை.

எங்கே சேர்ந்தாலும் கடதாசி வேலையை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். நியமனக் கடிதத்தில் தாதி என்று பதவிப் பெயர் இருக்க வேண்டும், ‘உதவியாளர்’ என்று எழுதித் தந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். விலகும்போது எடுக்கிற சேவைக் கடிதம் மருத்துவமனையின் கடிதத் தலைப்பில் இருக்க வேண்டும். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தப் பிரிவு, முழு நேரமா, கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும், நிறுவனத்தின் மின்னஞ்சலும் அதில் வேண்டும். டேட்டாஃப்ளோ அந்த மின்னஞ்சலுக்குத்தான் எழுதும். பதில் வராவிட்டால் நீங்கள் செய்த வேலை உறுதிப்படுத்தப்படாமலே நிற்கும். பிரிவு மாறுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கடிதம் கேட்டு வாங்கி வைத்தால் பிறகு அலைய வேண்டியிருக்காது.

சில இடங்களில் இரண்டு, மூன்று வருடப் பொண்ட், அதாவது அதுவரை விலக மாட்டேன், விலகினால் தண்டப்பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம், எழுதச் சொல்வார்கள். பயிற்சிச் செலவு என்று காரணம் சொல்வார்கள். ஒரு வருடம் வரை நியாயம் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் என்றால் அரச நியமனம் வந்தால் தண்டப்பணம் இல்லாமல் விலகலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் சேர்த்துத் தருவார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் மட்டும் கொடுக்கக் கூடாது. பிரதியைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வாருங்கள்.